இன்றே கடைசி இல்லை என்று சொன்ன சவரிராயன்

மாரண்டஹள்ளியில் சவரிராயனின் முகம் தெரியாதவர்கள் இருந்தார்கள். குரல் தெரியாதவர்கள் கிடையாது. ஊருக்கு வெளியே முனிராஜ் நடத்திய டூரிங் கொட்டாய்க்கு அவன்தான் விளம்பரக்காரன். மாட்டுவண்டியின் இரண்டு பக்கமும் போஸ்டர் ஒட்டிய தட்டி, மேலே ஒலிபெருக்கிக் குழாய், காலடியில் பேட்டரி, கையில் மைக். வண்டி ஓட்டுவது அவன் கூட்டாளி சென்னப்பன்.

"இன்றே இப்படம் கடைசி!" என்று திங்கட்கிழமை சொல்வான். செவ்வாயும் சொல்வான். வெள்ளிக்கிழமை படப்பெட்டி திரும்பிப் போகும்போதுதான் அது உண்மையாகும். "அழாமல் திரும்பும் தாய்மார்களுக்கு டிக்கெட் இலவசம்!" என்று ஒருமுறை அறிவித்தான். ஆட்டம் விட்டதும் முனிராஜ் வாசலில் நின்று பெண்களின் கண்களைப் பார்த்தார். கொட்டாய்ப் புழுதியில் எல்லோருக்கும் கண் சிவந்துதான் இருந்தது. ஒரு டிக்கெட்கூட இலவசமாகப் போகவில்லை.

இதையெல்லாம் சவரிராயன் பொய் என்று நினைத்ததே இல்லை. ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போவான். கோயிலில் மன்றாட்டு வாசிப்பதும் அதே குரல்தான். அந்தக் குரல் வேறு, இந்தக் குரல் வேறு என்பது அவன் கணக்கு.

1984 மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கல் உடைக்கும் வேலைக்குப் போகிற செல்லி என்கிற பெண் வண்டியை மறித்தாள்.

"நேத்து கடைசின்னு சொன்னது நீதான?"

"ஆமாங்கம்மா."

"இன்னைக்கும் கடைசின்னு கத்தற?"

சவரிராயன் சிரித்தான். "அது வியாபாரம்மா."

செல்லி சிரிக்கவில்லை. "சித்தேரி மலையில இருந்து எங்கண்ணன் வந்திருந்தான். அஞ்சு வருசம் கழிச்சு. நீ கடைசின்னு கத்துனயா, அவனுக்குச் சோத்தப் போட்டு வெச்சிட்டு மொதல் ஆட்டத்துக்கு ஓடிட்டேன். வந்து பாக்கறேன், போயிட்டான். தட்டுல போட்ட சோறு அப்படியே இருக்குது. மைக்குல சொன்னா நெசமா இருக்கும்னு நெனச்சேன்."

அவள் வழியை விட்டு விலகினாள். சென்னப்பன் மாட்டைத் தட்டினான். அன்று மீதி இருந்த நாலு தெருவிலும் சவரிராயன் இசைத்தட்டு மட்டும் போட்டான்.

மறுநாள் விபூதிப் புதன், நாற்பது நாள் நோன்பான தவக்காலம் தொடங்கும் நாள். தவக்காலத்துக்கு யார் எதை விடுகிறார்கள் என்று பங்குச் சாமியார் கேட்டுக்கொண்டே நெற்றியில் சாம்பல் பூசினார். சவரிராயன் முறை வந்தது.

"கறி விட்டுடறேங்க சாமி."

"நீ கறி தின்னு ரெண்டு மாசம் ஆவுதுன்னு உம் பொண்டாட்டி சொல்லுது. இருக்கறத விடு."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சவரிராயனுக்குச் செல்லியின் முகம் ஞாபகம் வந்தது. யோசிக்காமல் சொல்லிவிட்டான்: "அப்ப பொய்ய விட்டுடறேன்."

கோயிலே குலுங்கியது. சாமியாருக்கும் அடக்க முடியவில்லை. சாம்பல் நெற்றிக்குப் பதில் அவன் மூக்கில் விழுந்தது. சிரிப்பு அடங்கியதும் அவர் தணிந்த குரலில் சொன்னார்: "ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. ஆண்டவர் நம்மகிட்ட கேக்கறது அவ்ளோதான் சவரி. செஞ்சு பாரு."

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மைக்கைப் பிடித்தான். "அன்பார்ந்த பொதுமக்களே! இன்றே இப்படம்..." என்று ஆரம்பித்தான். நாக்கு ஒட்டிக்கொண்டது. குழாய் கீச்சென்று கத்தியது. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்றே கடைசி இல்லை!" என்றான் சவரிராயன். "வெள்ளிக்கிழமை வரைக்கும் ஓடும். ஒண்ணும் அவசரமில்லை. வூட்டு வேலையை முடிச்சிட்டு, வந்த விருந்தாளியைக் கவனிச்சிட்டு, நிதானமா வாங்க!"

சென்னப்பன் மாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். "சவரி, தலைக்கு வெயில் ஏறிப்போச்சா?"

"படம் எப்படிப்பா?" என்று யாரோ கத்தினார்கள்.

"மொதல் பாதி நல்லாருக்கு. ரெண்டாம் பாதியில தூக்கம் வரும். பெஞ்சு டிக்கெட் எடுக்கறவங்க துண்டு கொண்டாங்க, மூட்டைப்பூச்சி இருக்குது!"

பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சிரித்தது. ஓசூர் பஸ் கண்டக்டர் விசில் ஊதினார். சவரிராயனுக்கு உடம்பு லேசாகிப் போனது. வண்டியில் இருந்து இறங்கினால் கால் தரையில் படாதோ என்று இருந்தது. பதினோரு வருசமாக மைக் பிடித்தவனுக்கு அன்றுதான் தன் குரல் தன் தொண்டையில் இருந்து வருவதுபோல இருந்தது. தெருத்தெருவாகப் போய், கேட்டதற்கும் கேட்காததற்கும் உண்மையாகச் சொல்லித் தீர்த்தான். ஊர்க் குழந்தைகள் பாதிப் பேர் வண்டிக்குப் பின்னால் ஓடினார்கள்.

மறுநாள் காலை முனிராஜ் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டில் கன்னடம். கோபம் வந்தால் தமிழும் அதுவும் கலந்துவிடும். "ஏனப்பா, என் கொட்டாய மூடறதுக்கா உன்ன வெச்சேன்? ஆய்த்து, எல்லாம் முடிஞ்சுது, நாளையில இருந்து வராத!"

புதிதாக ஒரு ஆளைத் தருமபுரியில் இருந்து கூட்டிவந்தார். நல்ல கணீர்க் குரல். அவன் "இன்றே கடைசி" என்றான். டீக்கடையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சவரி என்ன சொல்றான்?" என்றார் ஒருவர்.

அதோடு புது ஆளின் பேச்சு எடுபடாமல் போயிற்று. படம் மாறியதும் ஆட்கள் சவரிராயன் வீட்டுக்கே வந்து நின்றார்கள். "படம் எப்படிப்பா? போலாமா?" அவன் கூலிக்குத் தக்காளி பொறுக்கிவிட்டு வந்த கையைக் கழுவிக்கொண்டே, "நான் பாக்கலீங்க, பாக்காத படத்துக்கு நான் எப்படிச் சொல்றது?" என்பான். அவன் பார்க்காததால் ஊரும் பார்க்கவில்லை. பத்தாம் நாள் முனிராஜ் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"வா மாராயா. என்ன வேணா சொல்லு. மூட்டைப்பூச்சிய மட்டும் சொல்லாத."

"பூச்சி இல்லைன்னா நான் ஏங்க சொல்லப்போறேன்?"

முனிராஜ் பற்களைக் கடித்துக்கொண்டு பழைய பெஞ்சையெல்லாம் வெளியே எடுத்துக் கொதிக்கும் தண்ணீர் ஊற்றினார். அன்று முதல் சவரிராயன் ஒவ்வொரு படத்தையும் முதல் நாளே பார்த்துவிட்டுச் சொன்னான். நல்ல படம் என்றால் கூட்டம் தாங்கவில்லை. சுமாரான படம் என்றால், எவ்வளவு சுமார் என்று பார்க்கவே ஒரு கூட்டம் வந்தது.

புகழ் தலைக்கு ஏறியது அப்போதுதான். தவக்காலத்தின் நாலாவது வாரம், வண்டி அவன் தெருவுக்குள் வந்தபோது, கூட்டம் சிரிக்க வேண்டும் என்ற ஆசையில் அறிவித்தான்: "நேத்து எங்க வூட்டுக் கீரைக்கொழம்பு நல்லாருக்குன்னு சொன்னேன். அது பொய்! உப்பும் இல்ல, புளிப்பும் இல்ல. உண்மையச் சொல்லிட்டேன், ஆண்டவர் மன்னிப்பாராக!"

ஆண்டவர் மன்னித்திருக்கலாம். அவன் மனைவி வேளாங்கண்ணி மன்னிக்கவில்லை. வாசலுக்கு வந்து, குழம்புச் சட்டியை வண்டிக்குள் வைத்துவிட்டு, கோயிலை நோக்கி நடந்தாள். சென்னப்பன் சட்டிக்குள் விரலை விட்டு நக்கிப் பார்த்து, "உப்பு சரியாத்தான்டா இருக்குது" என்றான்.

சாமியார் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"பொய்ய விட்டுட்டு பெருமையப் புடிச்சிக்கிட்டயா சவரி?"

"உண்மையத்தானுங்க சாமி சொன்னேன்."

"உண்மைய யாருக்காகச் சொன்ன? அந்தம்மா நல்லா சமைக்கணும்னா? இல்ல, தெரு சிரிக்கணும்னா?"

சவரிராயன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

"சரி, அத விடு. அன்னைக்கு நீ சொன்னயே, அண்ணனப் பாக்காம போன அந்தச் செல்லி. அந்தம்மாவப் போய்ப் பாத்தியா?"

அவனுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளாக ஊர் பூராவும் உண்மை பேசியிருந்தான். யாரிடம் பொய் சொன்னானோ அவளிடம் மட்டும் போகவில்லை. அவள் நினைப்பே அவனுக்கு விட்டுப் போயிருந்தது.

முதலில் வீட்டுக்குப் போனான். "கொழம்பு பத்தி மைக்குல சொன்னது தப்புதான் வேளாங்கண்ணி" என்றான். அவள் முறத்தைத் தட்டிக்கொண்டே, "இதையும் மைக்குல சொல்லுவீங்களா?" என்றாள். "இல்ல. உனக்கு மட்டும்" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செல்லி அவ்வளவு சுலபமாக விடவில்லை. கல் உடைத்துக்கொண்டே கேட்டாள்: "உன் மன்னிப்ப வெச்சு நான் என்னா பண்றது? எங்கண்ணன் அங்க கோவத்துல கெடக்கறான். அவனுக்கு யாரு சொல்லுவா?"

"நான் சொல்றேங்க" என்றான் சவரிராயன்.

படப்பெட்டி வராத ஒரு வாரத்தில், வியாழக்கிழமை கிளம்பினான். பாலக்கோடு, தருமபுரி, அரூர் என்று பஸ் மாறி, கடைசியில் சித்தேரி மலைக்குப் போகிற பஸ்ஸில் இரண்டு ஆட்டுக்கும் ஒரு தேன் டின்னுக்கும் நடுவில் இடம் கிடைத்தது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு ஆடு அவன் மடியில் விழுந்தது. மூன்றாவது வளைவுக்குப் பிறகு அது எழுந்து போகவே இல்லை. தலை சுற்ற, சட்டை கசங்க, அண்ணன் மாதுவின் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். மாது சாமைக் கதிர் அடித்த களத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"சினிமாக்காரனா? என் தங்கச்சிக்கு என்னவிட படம் பெருசாப் போச்சு. நீ போப்பா."

"அந்தத் தப்பு அவுங்களோடது இல்லீங்க. அன்னைக்குக் கடைசி நாள்னு நான்தான் பொய் சொன்னேன். இன்னும் நாலு நாள் ஓடுச்சு. அவுங்க நம்பிட்டாங்க."

மாது துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்தார். பிறகு கேட்டார்: "படமாச்சும் நல்லாருந்துச்சா?"

"இல்லீங்க. சுமாருக்கும் கீழ."

மாதுவின் தோள் குலுங்கியது. கோபத்தில் குலுங்குகிறது என்று நினைத்துச் சவரிராயன் ஒரு அடி பின்னால் வைத்தான். ஆனால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "இந்தப் படத்துக்கா என்ன வுட்டுட்டுப் போனா!" என்று சொல்லிச் சொல்லி, களத்தில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சவரிராயனும் சிரித்தான். என்ன ஏது என்று தெரியாமல் பக்கத்துக் காட்டுக்காரரும் சிரித்தார்.

மறுநாள் ஒரு படி சாமையோடும் ஒரு பாட்டில் தேனோடும் மாது அவனோடு பஸ் ஏறினார். கல்குழியில் அண்ணனைப் பார்த்த செல்லி சம்மட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். வந்த வேகத்தில், "சோத்தத் திங்காம போயிட்டயே!" என்று அண்ணனை அடித்தாள். "சுமாருக்கும் கீழயாமே!" என்றார் அண்ணன். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்களா சிரித்தார்களா என்று சவரிராயனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஈஸ்டர் பண்டிகையான பாஸ்கு வந்தது. நாற்பது நாள் முடிந்தது. முனிராஜ் ஆசையோடு காத்திருந்தார். சென்னப்பன் ஜாடை காட்டினான்: "இனி சொல்லலாமே." சவரிராயன் மைக்கைப் பிடித்து ஒருமுறை முயன்றும் பார்த்தான். "இன்றே" வரைக்கும்தான் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது.

அப்படியே இரண்டு வருசம் போனது. 1986 அக்டோபரில் விடாத மழை. ஒரு மத்தியானம் சந்தை நடந்துகொண்டிருந்தபோது, ஏரி உடைந்துவிட்டது என்று யாரோ கத்திவிட்டார்கள். கூடையும் காய்கறியும் மிதிபட ஜனங்கள் ஓடினார்கள். போலீஸ்காரர் விசில் ஊதினார், பஞ்சாயத்து ஆள் கத்தினார், ஒருவரும் நிற்கவில்லை. சவரிராயன் வண்டியை எடுக்காமல், முனிராஜின் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்க் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பிவந்து வண்டியில் ஏறினான். மைக்கைப் பிடித்தான்.

"ஏரி உடையலீங்க. நான் இப்பத்தான் பாத்துட்டு வர்றேன். மதகு பக்கத்துல ஒரு எடத்துல தண்ணி கசியுது. அது உண்மை. மம்முட்டியும் கூடையும் இருக்கறவங்க வாங்க. மத்தவங்க பயப்பட வேண்டாம்."

ஓடிக்கொண்டிருந்த ஜனம் நின்றது. "சவரியா சொல்றான்?" என்ற சத்தம் கூட்டத்தில் பரவியது. பெண்கள் சிதறிய கூடைகளைப் பொறுக்கினார்கள். அறுபது எழுபது பேர் மம்முட்டியோடு கரைக்குக் கிளம்பினார்கள். முனிராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். பக்கத்தில் மண்கூடை தூக்கி நடந்த வேளாங்கண்ணி, மூச்சு வாங்கிக்கொண்டே புருசனிடம் கேட்டாள்:

"ஏங்க, மண்ணு போட்டா நெசமாவே நிக்குமா?"

"தெரியலையே வேளாங்கண்ணி" என்றான் சவரிராயன். மழை முகத்தில் அடிக்க, இருவரும் சிரித்துக்கொண்டே ஓடினார்கள்.

கரை நின்றது.