பதிவேட்டில் இல்லாத பெஞ்ச்

ஏட்டுக்குத் தாகம் அதிகம் என்றுதான் அந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் நினைப்பார்கள். பன்னிரண்டு வருஷமாக அங்கிருந்த புறக்காவல் நிலையத்தின் தலைமைக் காவலர் அவர். திடீரென்று ஏதாவது ஒரு வாசலில் நின்று, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்பார். உள்ளே வந்து உட்கார்ந்து ஒரு தம்ளர் தண்ணீரைக் கால் மணி நேரம் குடிப்பார். மின்விசிறி ஏன் இப்படிக் கத்துகிறது என்பார், பிள்ளை எந்த வகுப்பு என்பார். பிறகு தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விடுவார். தண்ணி ஏட்டு என்று பெயர் வந்தது இப்படித்தான். பெயரை மட்டும் கேள்விப்பட்டு வேறு மாதிரி சிரித்தவர்களும் உண்டு. காபியைக்கூடத் தொடாத மனிதர், பாவம்.

பழகியவர்களுக்கு விஷயம் தெரியும். காரணம் இல்லாமல் அவர் எந்த வீட்டிலும் தண்ணீர் குடித்ததில்லை. அப்பாவைக் கைநீட்டி அடித்த மகன் வீட்டில் குடித்திருக்கிறார். குடியிருப்பவர்களைக் கிளப்புவதற்காகக் குழாயை அடைத்துவைத்த வீட்டுக்காரர் வீட்டில், குழாய் திறக்கும்வரை மூன்று நாள் தொடர்ந்து குடித்திருக்கிறார். எதற்காக வந்தேன் என்று மட்டும் வாயைத் திறக்க மாட்டார்.

"சொல்லிட்டா அவன் பதில் சொல்லணும். பதில் சொன்னா வீம்பு வரும். வீம்பு வந்துட்டா அப்புறம் கேஸுதான்," என்று ஒருமுறை தன் மனைவியிடம் சொன்னார்.

"வீட்டுல மட்டும் எல்லாத்துக்கும் வாயைத் திறக்கறீங்க," என்றாள் அந்த அம்மாள்.

நிலையம் என்றால் ஒரே ஒரு அறை. மேஜை ஒன்று, நாற்காலி இரண்டு, தொலைபேசி ஒன்று. வெளியே சுவரோரம் ஒரு பெஞ்ச். தெருக்கோடித் தச்சர் ஒரு பழைய கதவை அறுத்துச் செய்து கொடுத்தது அது. சாவித் துவாரம்கூட ஒரு ஓரத்தில் அப்படியே இருந்தது. புகார் என்று யார் வந்தாலும் முதலில் அந்தப் பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார வேண்டும் என்பது ஏட்டு வைத்த சட்டம். ஆற அமர உட்கார்ந்தால் பத்துப் பேரில் ஆறு பேர் தாமாகவே எழுந்து போய்விடுவார்கள். மிச்சம் நான்கு பேருக்குத்தான் காகிதம் தேவைப்பட்டது.

அந்தப் பெஞ்சுக்கு வந்தவர்களில் ஒருத்தி சலவைக் கடையில் பொத்தான் தைப்பவள். பொத்தானக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அவளுடைய கணவருக்கு ரொட்டி அடுப்பில் இரவு வேலை. காலையில் வந்து படுப்பார். பாத்திரம் உருண்டாலும் கதவு சாத்தினாலும் விழித்துக்கொள்வார். விழித்தால் கை பேசும். எட்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு அவள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் ஆயிற்று, முக்கால் மணி ஆயிற்று, அவள் எழுந்திருக்கவில்லை.

ஏட்டு காகிதத்தை எடுத்தார். "எழுதிக்கலாமாம்மா?"

"வேணாங்க. எழுதினா அவருக்கு வேலை போயிடும், வீடும் போயிடும். சும்மா உக்காந்துட்டுப் போறேன்."

ஏட்டு காகிதத்தை உள்ளே வைத்தார். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கேட்டார்.

அதன்பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அவள் வந்து உட்காருவாள், ஒன்றும் சொல்ல மாட்டாள். அவர் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார். இரண்டு மாதம், மூன்று மாதம் அந்தக் கை அடங்கிக் கிடக்கும். இதை நீதி என்று நான் சொல்லவில்லை, ஏட்டும் சொன்னதில்லை. ஒரு பெண் நிம்மதியாகப் பொத்தான் தைக்கிற மூன்று மாதம், அவ்வளவுதான். கடைசியாக அவள் வந்துபோய் எட்டு மாதம் ஆகியிருந்தது.

இதற்குள் நிலையம் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகிவிட்டது. ஐந்து பேர் மூன்று பேரானார்கள், மூன்று பேர் ஏட்டு ஒருவரானார். கடைசியில் நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு மூடுகிறோம் என்று ஓர் உத்தரவு வந்தது. என்ன காரணம் என்று நிர்வாகத்தைத்தான் கேட்க வேண்டும். அதற்கும் காரணம் தெரிந்திருக்காது. கதவில் ஒரு பூட்டும், அவசர எண் அச்சடித்த ஒரு தாளும், எதிர்க் கம்பத்தில் ஒரு கேமராவும் வந்தன.

சாமான்களை ஒப்படைத்த அன்று பெரிய நிலையத்து எழுத்தர் பட்டியலை வைத்துக்கொண்டு சரிபார்த்தார். மேஜை ஒன்று, நாற்காலி இரண்டு, லத்தி நான்கு. பெஞ்ச் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கணக்கில் இல்லாததை வண்டியில் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டு எழுத்தர் போனார். பெஞ்ச் அங்கேயே கிடந்தது. பொத்தானக்காளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாமா என்று ஏட்டு யோசித்தார். எட்டு மாதமாக வரவில்லையே, ஆறின புண்ணை எதற்குக் கிளற வேண்டும் என்று விட்டுவிட்டார். அதற்காகப் பிறகு ரொம்ப நொந்துகொண்டார்.

ஏட்டை ஊரின் மறுகோடியில், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய கட்டுப்பாட்டு அறையில் போட்டார்கள். குளிரூட்டிய அறை, சக்கரம் வைத்த நாற்காலி, எதிரே முப்பத்திரண்டு திரைகள். ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது. முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு கரும்புள்ளிகூட இல்லை. "ராஜா மாதிரி உக்காந்திருக்கீங்க," என்றாள் மனைவி. தாகமே எடுப்பதில்லை என்றார் அவர்.

பத்தொன்பதாவது திரையில் அவருடைய தெரு இருந்தது. பூட்டிய கதவும் பெஞ்சும் பக்கத்துக் குடைக் கடையும் தெரியும். சத்தம் மட்டும் வராது.

மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்று பத்துக்குப் பொத்தானக்கா அந்தத் திரைக்குள் வந்தாள். பெஞ்சில், சாவித் துவாரம் இருக்கிற ஓரத்தில் உட்கார்ந்தாள். இடது மணிக்கட்டை வலது கையால் ஏந்தி மடியில் வைத்திருந்தாள். ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. பூட்டையும் தாளையும் அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஏட்டு அறைப் பொறுப்பிலிருந்த இன்ஸ்பெக்டரிடம் போனார். இன்ஸ்பெக்டர் அவரைவிட இருபது வயது இளையவர், கெட்டவர் இல்லை.

"அந்தம்மா ஃபோன் பண்ணாங்களா?"

"இல்லைங்கய்யா."

"யாராவது அடிக்கறது தெரியுதா திரையில?"

"இல்லைங்கய்யா. பெஞ்சுல உக்காந்திருக்காங்க."

"ஏட்டய்யா, பெஞ்ச் உக்காரத்தானே இருக்கு?"

ஏட்டு அந்தப் பெஞ்சின் கதையை விளக்கப் பார்த்தார். எட்டு வருஷத்துப் பழக்கத்தை இரண்டு நிமிடத்தில் சொன்னால் கிறுக்குத்தனமாகத்தான் இருக்கும். இருந்தாலும் வயசான மனிதர் கேட்கிறாரே என்று இன்ஸ்பெக்டர் ரோந்து வண்டியை அனுப்பினார். ஐந்து வட்டாரத்துக்கு அந்த ஒரு வண்டிதான். அரை மணி நேரம் கழித்து அது பத்தொன்பதாவது திரைக்குள் நுழைந்தது. இரண்டு பேர் இறங்காமலே ஏதோ கேட்டார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னாள். வண்டி போய்விட்டது.

"பஸ்ஸுக்காக உக்காந்திருக்காங்களாம்," என்று வயர்லெஸ்ஸில் பதில் வந்தது.

அந்தத் தெருவில் பஸ்ஸே கிடையாது. முகம் தெரியாத இரண்டு பேரிடம் அவள் வேறு என்னதான் சொல்வாள்?

ஏட்டு குடைக் கடைக்காரரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். வாய் மட்டும் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்பார்களே, அந்த ரகம் அவர். பக்கத்தில் காக்கிச் சட்டை உட்கார்ந்திருப்பதால்தான் தன் கடைக்கு ஆள் வருவதில்லை என்று பன்னிரண்டு வருஷமாகப் புலம்பியவர்.

"அண்ணே, பொத்தானக்கா வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் தண்ணி கேளுங்க. வேற ஒண்ணும் பேச வேணாம்."

"நானா? அவன் கையைப் பாத்திருக்கீங்களா? நீங்க கேட்டா குடுப்பான். நான் கேட்டா தலையில ஊத்துவான்." சற்றுப் பொறுத்து, "நான் குடை ரிப்பேர் பண்றவங்க, ஏட்டய்யா," என்றார், குரல் இறங்கிப்போய்.

மணி பதினொன்று ஐம்பது. அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வந்து உட்கார்ந்தால் ஏட்டு எழுந்து போவார் என்று எட்டு வருஷமாகப் பழகியவள். ஏட்டு இன்னும் எழுந்திருக்கவில்லை. அது அவருக்குத் தாங்கவில்லை.

பணி நேரத்தில் இருக்கையை விட்டுப் போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அதனால் திருட்டுத்தனமாகப் போகவில்லை. அன்றாடக் குறிப்பேட்டை இழுத்து எழுதினார்: 'மணி 11.50. திரை எண் 19. பெண் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். புகார் வரப்பெற்றது. நேரில் செல்கிறேன்.' கையெழுத்துப் போட்டுவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

இரண்டு பஸ் மாறித் தெருவுக்குள் நுழைந்தபோது ஒரு மணி ஆகிவிட்டது. பெஞ்ச் காலியாக இருந்தது, குடைக் கடையில் ஆள் இல்லை. வயதை மறந்து ஓட்டமும் நடையுமாகப் போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்.

பொத்தானக்காளின் கணவர், ரொட்டிக்காரர், பனியனோடு வந்து திறந்தார். உள்ளே நாற்காலி நுனியில் குடைக் கடைக்காரர் உட்கார்ந்திருந்தார், சட்டை முழுக்க வியர்வை. கையில் தம்ளர், பக்கத்தில் பாதி காலியான குடம். கதவோரம் பொத்தானக்கா வீங்கிய கையோடு நின்றிருந்தாள்.

"இது ஏழாவது தம்ளர், ஏட்டய்யா," என்றார் குடைக் கடைக்காரர் அழாக்குறையாக. "அக்கா எந்திரிச்சு வீட்டுக்குப் போறதைப் பாத்துட்டுப் பின்னாடியே வந்தேன். எப்பக் கிளம்பணும்னு நீங்க சொல்லவே இல்லை. கிளம்பினா மறுபடி அடிச்சிடுவானோன்னு திரும்பத் திரும்பத் தண்ணி கேட்டுக்கிட்டே இருந்தேன்."

ரொட்டிக்காரர் ஏட்டைப் பார்த்ததும் பழக்கப்படி இன்னொரு தம்ளரை எடுத்துக் குடத்தைச் சாய்த்து நிரப்பி நீட்டினார்.

ஏட்டு வாங்கவில்லை. எட்டு வருஷத்தில் அந்த வீட்டுத் தண்ணீரை அவர் மறுத்தது அன்றுதான். பொத்தானக்காளின் மணிக்கட்டைப் பார்த்தார். விரல்கள் அசையவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாம்மா," என்றார்.

"போலாங்க. அதுக்கு முன்னாடி எழுதிக்கோங்க."

ஏட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. எழுதினா திரும்ப எடுக்க முடியாது. வேலை, வீடு எல்லாம் சொன்னியே."

"சொன்னேன். அப்ப நீங்க இருந்தீங்க, எழுத வேண்டியிருக்கல. இன்னிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல உக்காந்து பாத்துட்டேன். இனிமே நீங்க இருக்க மாட்டீங்கல்ல. எழுதுங்க."

ரொட்டிக்காரர் தம்ளரைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று அந்தப் பாவத்துக்கு யாரும் இடம் கொடுக்கவில்லை.

எழுதக் காகிதம் இல்லை. கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஏட்டு தொப்பியை மட்டும்தான் எடுத்து வந்திருந்தார். குடைக் கடைக்காரர் ஓடிப்போய்த் தன் ரசீதுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். மூவரும் பெஞ்சுக்கு வந்தார்கள். அவள் சாவித் துவாரத்து ஓரத்தில் உட்கார்ந்தாள். ரசீதின் பின்பக்கத்தில் ஏட்டு எழுத ஆரம்பித்தார். அவள் சொல்லச் சொல்ல எட்டு வருஷம் வந்தது. ஒவ்வொரு தேதிக்குப் பின்னாலும் தான் குடித்த தண்ணீர் அவருக்கு ஞாபகம் வந்தது. நான்கு ரசீதுகள் தீர்ந்தன.

கடைசியில், புகார் பெற்ற இடம் என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது. நிலையம் என்று எழுதலாம் என்றால் நிலையம் இல்லை. 'பெஞ்ச்' என்று எழுதினார்.