நான் கோத்த எட்டாம் பக்கம்

"இந்தத் தாள நான் மடிக்க மாட்டேன்" என்று குப்பம்மா சொன்னபோது எனக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது. மறுநாள் காலையில் புத்தகம் போயாக வேண்டும். இந்த நேரத்தில் இவளுக்கு என்ன வந்தது?

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் ஒரு சின்ன அச்சாபீஸ். நான் கம்போஸிட்டர். ஈய எழுத்தைப் பொறுக்கி வரியாகக் கோப்பது என் வேலை. அச்சான தாளை மடித்துத் தைப்பது குப்பம்மா. சுரங்கத்தில் பாறை சரிந்து புருஷனைப் பறிகொடுத்தவள். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலெழுத்து படித்திருந்தாள். இந்த வேலை போனால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது.

அன்று அச்சானது பழைய காலத்துச் சாமியார் ஒருவரின் பாட்டுகள். பஜனை கோஷ்டித் தலைவர் ஏழுமலை மேஸ்திரி ஏட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்தது. எட்டுப் பக்கம் ஒரு பாரம், மொத்தம் இரண்டு பாரம்.

முதலாளி பாய்ந்து வந்தார். "இன்னாம்மா, திமிரா? இஷ்டம் இல்லன்னா நடையக் கட்டு!"

"போறேங்க. அதுக்கு முந்தி எட்டாம் பக்கத்த ஒருக்கா படிக்கச் சொல்லுங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கோத்த பக்கம்தான். ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது! கம்போஸிட்டர் புத்தி அது. கொம்பு சரியா, கால் சரியா என்று பார்ப்போம். சேதி மண்டைக்குள் போகாது. வாய்விட்டுப் படித்தேன். பெண் என்றால் நாறும் தோல்பை, ஆளை விழுங்கும் பேய், நரகத்துக்கு வாசல். அந்தப் பக்கத்தில் இருந்த நாலு பாட்டும் இதே வசவு. பாதியிலேயே என் குரல் இறங்கிவிட்டது. எதிரே அவள் நிற்கிறாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்த நேரம் பார்த்து மேஸ்திரி சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து, சேறு காயாத சட்டையோடு வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"அது பொம்பளைய சொன்னது இல்லம்மா, ஆசைய சொன்னது. பெரியவங்க அப்டித்தான் பாடுவாங்க."

"ஆசை வந்தது அவருக்கு, பேயின்னு பேரு எனக்காண்ணா? ரெண்டாம் பாரத்துல அதே சாமியாரு 'நான் பொண்ணு, சாமிதான் என் புருஷன், வாசல்ல காத்துக் கெடக்கறேன்'னு கதறுறாரு. ஏசறதுக்கும் பொம்பள, சாமிகிட்ட போறதுக்கும் பொம்பளயா? எங்க வூட்டுக்காரரு ஷிப்டுக்குப் போனா நானும் அப்டித்தான் நின்னேன். அந்தப் பாட்டு நெசம். அத எத்தினி வேணாலும் மடிக்கறேன்."

மேஸ்திரி காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து இரண்டு பாரத்தையும் வரி வரியாகப் படித்தார்.

"பஜனையில இந்த நாலு பாட்டு வந்தா பொம்பளைங்க எழுந்து போயிடுவாங்க. கொழந்த அழுவுது, அதான் போறாங்கன்னு நெனச்சினு இருந்தேன்" என்றார். பிறகு முதலாளியிடம், "இந்தப் பக்கத்த எடுத்துடுங்க. வேற பாட்டு தரேன்" என்றார்.

அச்சான தாள் வீணாகிறதே என்று முதலாளி முணுமுணுத்தார். "நான் கோத்துத் தரேன்" என்று முந்திக்கொண்டேன். மேஸ்திரி தான் எழுதிக் கொடுத்திருந்த நோட்டுப் புத்தகத்தைக் குப்பம்மாவிடமே நீட்டினார். சாமியைத் தாயே என்று கூப்பிடும் நீளமான பாட்டு ஒன்றை அவள் எடுத்துக் கொடுத்தாள். பொழுது சாய்வதற்குள் கோத்து முடித்து, புரூப்பையும் அவளிடமே கொடுத்தேன். மூன்று பிழை பிடித்தாள். எனக்கு ரோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் மூன்றும் பிழைதான்.

அடுத்த மாதமே முதலாளி அவளைப் புரூப் பார்க்க உட்கார வைத்துவிட்டார். காரியக்காரர், லாபம் எங்கே என்று அவருக்குத் தெரியும்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எழுதினவன் வேறு ஆள்தான், ஆனாலும் கோத்த கைக்கும் அதில் பங்கு உண்டு. படித்துவிட்டுக் கோத்துக்கொடுங்கள். எனக்கு அப்போது மகள் பிறந்து பதினாறு நாள். அவளும் ஒருநாள் எழுத்துக் கூட்டிப் படிப்பாள் என்ற நினைப்பே இல்லாமல்தான் அந்தப் பக்கத்தைக் கோத்திருந்தேன்.