நெட்டை மிதி, குட்டை மிதி

ஐராவதி ஆற்று முகத்துவாரத்தில் மா ஞோவைப் போல் தண்ணீர் சுமந்தவள் இல்லை என்று சொன்னால் மற்றப் பெண்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். பதினான்கு வயதிலிருந்தே தோளில் காவடி, அதன் இரு முனையிலும் பூவாளி. குளத்துக்கும் வெற்றிலைக் கொடிக்காலுக்கும் நாளைக்கு அறுபது நடை. கல்யாணமாகி மூன்றாம் கோடையில் குளத்துப் படியில் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் கோணலாகவே கூடியது.

“இனி நீ தண்ணி சுமக்கக் கூடாது ஞோ. ரெண்டே வருஷம் பொறு, டீசல் இஞ்சினோட வந்து நிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு அவள் புருஷன் கோ சிட் தாய்லாந்து இறால் ஆலைக்குக் கிளம்பினான். போனவன் போனவன்தான். ஆறு வருஷம் ஆகிறது.

நாலாம் வருஷம் ஊருக்கு மிதிபம்பு வந்தது. சின்ன விவசாயிகளுக்கென்றே செய்து, அடக்க விலையை ஒட்டி விற்கிற கம்பெனி. அதன் ஆள் லுங்கியை மடித்துக் கட்டி, ஏறி மிதித்துக் காட்டினான். டீசல் வேண்டாம், கால் போதும். விலை ஒரு பன்றிக்குட்டி. மா ஞோ குட்டியை விற்று வாங்கினாள். கோணல் காலோடு ஏறி மிதித்தாள். குளத்துத் தண்ணீர் கொடிக்காலுக்கு ஓடியது. அன்று அவள் அழுததைச் சந்தோஷம் என்று ஊர் நினைத்தது. ஒரு பன்றிக்குட்டிக்குக் கிடைக்கிற தண்ணீருக்காகவா அந்த மனுஷனை அனுப்பினேன் என்ற வயிற்றெரிச்சல் அது.

“தண்ணி வந்துடுச்சு, நீங்களும் வந்துடுங்க” என்று போனில் சொன்னாள். “இன்னும் கொஞ்ச நாள்” என்றான். அதையே இரண்டு வருஷமாகச் சொல்கிறான். அவளும் பம்பை மிதித்தபடியே கேட்டுக்கொள்கிறாள்.

போன வாரம் அங்கிருந்து திரும்பிய ஒருத்தி, அவனுக்கு வேறு குடித்தனம் இருக்கிறது என்று பற்ற வைத்தாள். நெருப்பில்லாமல் புகையுமா என்று ஊரும் ஊதிவிட்டது. இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று மா ஞோ இருந்தாள்.

போன் வந்தது. அவளுக்கு என்ன தோன்றியதோ, நாத்தனார் தான்தாவைப் பம்பில் ஏற்றிவிட்டுப் போனைப் பக்கத்தில் பிடித்தாள்.

“கேக்குதா? நான்தான் மிதிக்கிறேன்.”

தான்தா நாலைந்து மிதி மிதித்தாள். பிறகு கோ சிட், “புளுகாத. அது உன் மிதியில்ல. உனக்கு ஒரு மிதி நெட்டை, ஒரு மிதி குட்டை. யாரு, தான்தாவா? எருமை சேத்துல எறங்குன மாதிரி மிதிக்கிறாளே!”

“அண்ணனுக்குக் கொழுப்பப் பாருங்க அண்ணி!” என்று தான்தா குதித்து இறங்கினாள்.

“நீ ஏறு ஞோ. கேக்கணும் போல இருக்கு.”

அவள் ஏறினாள். குடித்தனப் பேச்சை எடுக்கவில்லை. “எப்ப வருவீங்க?” என்று மட்டும் கேட்டாள். அவன் மூச்சுதான் கேட்டது, போனை வைக்கவில்லை. அவள் மிதித்தாள். பாத்தி நிறைந்தது, வரப்பு உடைந்தது, தண்ணீர் பாதைக்கு வந்தது. தான்தா வாயைத் திறந்தாள்; அண்ணியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

“பாத்தி நிறைஞ்சிருக்குமே ஞோ? வச்சிடவா?”

“இல்லீங்க” என்றாள், மிதித்துக்கொண்டே. “இன்னும் பாயல.”