நேரம் சொல்லும் குரல்

அப்பா காலமான பிறகு, யாழ்ப்பாணத்தில் தனித்துப்போன அம்மாவை ஸ்பொன்சர் செய்து லண்டன் ஈஸ்ட் ஹாமுக்கு வரவழைத்தேன். வீடும் சாப்பாடும் நானே தருவேன் என்று கையெழுத்து வைத்திருந்தேன். அதைக் காப்பாற்ற இரண்டு வேலை. விடியுமுன் போனால், அம்மா படுத்த பிறகுதான் வருவேன். சுவர் மணிக்கூடு நின்றுபோன நாளில், போனில் அழைத்தால் நேரம் சொல்லும் எண்ணை அவருக்குக் காட்டிக் கொடுத்தேன்.

பிறகொரு மத்தியானம் காய்ச்சலோடு வீடு திரும்பினேன். புது மணிக்கூடு சுவரில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா ரிசீவரைக் காதில் வைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

“ஆரம்மா?”

“நேரம் சொல்லுற ஆள்தான்.”

“அது ரெக்கோர்ட் அம்மா. வையுங்கோ.”

“தெரியும் மோனை. எண்டாலும் ஒரு ஆள் கதைச்சுக்கொண்டிருக்கேக்க எப்பிடி வைக்கிறது?”

நான் கையெழுத்து வைத்த தாளில் வீடு இருந்தது, சாப்பாடு இருந்தது. பேச்சுத்துணை இருக்கவில்லை. எனக்கும் அதுவரை அது தோன்றியிருக்கவில்லை.

அடுத்த கிழமை, வேலை இடைவேளையில் வீட்டுக்குப் போன் எடுத்தேன். அம்மா “ஹலோ” என்றதும் என்ன கதைப்பதென்றே தெரியவில்லை.

“இப்ப பதினொரு மணி அம்மா,” என்றேன்.

“ஓம் மோனை,” என்றார். அவரும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.