ஆர்டிஸின் கட்டைவிரல்

மீனைத் தொடுவதற்கு முன் ஆர்டிஸ் குபிசெக் வலது கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிப் பைக்குள் செருகிக்கொள்வார். ஏப்ரல் மாதத்து மிசௌரி ஆற்றுத் தண்ணீர் எலும்பைக் குடையும். படகில் மற்றவர்கள் முழங்கை வரை ரப்பர் மாட்டியிருப்பார்கள். இவர் மட்டும் வெறுங்கையால் மீனை மல்லாத்தி, வயிற்றில் கட்டைவிரலால் ஒரே ஒரு இழுப்பு இழுப்பார். "மண்வெட்டி" என்பார். அல்லது "வெளிறி" என்பார். அதற்குமேல் பேச்சில்லை.

இந்த ஆற்றில் ஸ்டர்ஜன் என்ற மீன் இரண்டு வகை. மண்வெட்டிமூக்கன் ஏராளம், புகைபோட்டுத் தின்னலாம். வெளிறி அருகிப்போனது; வீட்டுக்குக் கொண்டுபோனால் வழக்கு. இரண்டுக்கும் அதே தட்டை மூக்கு, முதுகில் அதே எலும்பு வரிசை. வெள்ளக் கலங்கலில் நிறமும் ஒன்றுபோலத்தான் தெரியும். வித்தியாசமெல்லாம் அடிப்பக்கத்தில். மண்வெட்டிக்கு வாய்க்கு முன்னால் தொங்கும் நாலு மீசையும் ஏறக்குறைய ஒரே நீளம். வெளிறிக்கு உள்மீசை இரண்டும் குட்டை, வெளிமீசை அதைப்போல இரண்டு மடங்கு. மண்வெட்டியின் வயிற்றில் பொடித் தகடுகள் பாவியிருக்கும். வெளிறிக்கு வெறும் தோல். சினை பிடித்து வயிறு விம்மிவிட்டால் தகடு விலகிக் கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத் தெரியும்.

ஆர்டிஸ் பள்ளிக்கூட கேன்டீனில் சமைக்கிறார். பத்தொன்பது வருஷமாக வசந்தகாலத்தில் லீவு போட்டுவிட்டு, சம்பளமில்லாமல் மீன்துறைப் படகில் ஏறுகிறார். பீன்ஸ் குழம்பும் பட்டைச் சுருள் ரொட்டியும் போடும் வியாழக்கிழமை மட்டும் லீவு கிடையாது. "அன்னிக்கு நான் இல்லேன்னா பசங்க சமையல்கட்டைப் பேத்துருவாங்க" என்பார். மூக்குக்கண்ணாடியைத் தூண்டில் நரம்பில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார். மீன் சாப்பிடமாட்டார். "தெரிஞ்சவங்களை எப்படித் திங்கறது?"

ஜனவரியில் அவருக்கு மணிக்கட்டில் அறுவை செய்தார்கள். வலி போயிற்று, கூடவே கட்டைவிரல் நுனியின் உணர்ச்சியும் போயிற்று. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் படகில் தனக்கு வேலையில்லை என்று அவராகவே முடிவுகட்டிக்கொண்டார். இந்த வருஷம் முழுக்க மீசையைப் பார்த்தே சமாளித்தாயிற்று. விரல் இழுப்பு வெறும் பாவனை. போன வாரம் அடுப்புத் தட்டு அந்த விரலைச் சுட்டது, கொப்புளம் எழும்பிய பிறகுதான் தெரிந்தது. படகோட்டும் லைல், ஆர்டிஸின் செத்துப்போன கணவரின் தம்பி, அதைப் பார்த்துவிட்டான்.

"இது என்ன கொப்புளம்?"

"அடுப்புக்குக் கண்ணு தெரியல."

கடைசி நாள் காலை, நாற்பது தூண்டில் முள் கோத்த கயிற்றை இழுத்தார்கள். மீன்குஞ்சு பொரிக்கவைக்கும் பொரிப்பகத்துக்கு இன்னும் ஒரே ஒரு சினைவெளிறி வேண்டும். அங்கே போகும் வண்டி பத்தரைக்குக் கிளம்பிவிடும். மரபுச் சோதனை முடிவு வர ஒரு வாரமாகும். தப்பான மீனை ஏற்றினால் பொரிப்பகத் தொட்டியில் மிச்சமிருக்கும் ஒரே இடம் வீண். சரியான மீனை விட்டுவிட்டால் அது மறுபடி சினைபிடிக்க மூன்று வருஷம் ஆகலாம்.

கடைசி முள்ளுக்கு முந்தின முள்ளில் ஒன்று வந்தது. முப்பத்திரண்டு அங்குலம், பெருத்த வயிறு. பெரிய மண்வெட்டியாகவும் இருக்கலாம், சின்ன வெளிறியாகவும் இருக்கலாம். மீன்துறை ஊழியன் கர்ட் மீசையில் அளவுகோலை வைத்தான்.

"நாலும் ஒண்ணுதான். மண்வெட்டி. விட்டுடலாம்."

"இரு தம்பி." ஆர்டிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வெளிமீசை ரெண்டும் மொட்டை. நுனியைப் பாரு, பழைய முள்ளு கிழிச்சு ஆறிப்போன தழும்பு. இல்லாத மீசையை அளந்து என்ன பண்ணப்போற?"

கர்ட் குனிந்து பார்த்தான். காது சிவந்தது. "அப்ப நீங்களே சொல்லுங்க. விரல் என்ன சொல்லுது?"

ஆர்டிஸ் கையுறையைக் கடித்து இழுத்தார். ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு. மூன்றாவது.

"மாவா பிசையறே?" என்றான் லைல். "மணி பத்தாகுது, ஆர்டிஸ்."

மீன் செவுளை விரித்து மூடியது. ஆர்டிஸ் தன் விரலைப் பார்த்தார். கொப்புளம் காய்ந்து தோல் உரிந்திருந்தது.

"விரல் ஒண்ணும் சொல்லல" என்றார். "ஜனவரியிலேருந்தே சொல்லல."

லைல் எஞ்சினை அணைத்தான். கர்ட்டின் பென்சில் தாளின்மேல் அப்படியே நின்றது.

ஆர்டிஸ் கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டார். படகின் ஈரத்தில் முட்டி போட்டு, மீனை இரண்டு கையாலும் ஏந்தி முகத்தருகே கொண்டுவந்தார். கீழுதட்டை அதன் வயிற்றில் வைத்து, தொண்டையிலிருந்து வால்வரை மெதுவாக இழுத்தார். எங்கேயும் ஒரு தகடும் உரசவில்லை.

உதட்டில் ஒட்டிய மீன்கோழையைக்கூடத் துடைக்காமல், முழங்கையால் படகின் மீன்தொட்டி மூடியைத் தள்ளித் திறந்தார்.