ஒரே படகின் நானூறு கிலோ

தோணிரேவு அம்மணிக்கு நாற்பத்தேழு வயது. இறால் வியாபாரி. பழவேற்காடு ஏரியில் வலை கட்டுகிறவர்களிடம் விடிந்ததும் இறாலை வாங்கித் தரம் பிரித்து, ஐஸ் போட்டு, குட்டியானை வண்டியில் தடையற்ற வணிக மண்டலத்துக்கு அனுப்புவது அவர் தொழில். மண்டலத்துக்குள் இருக்கும் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் அவருக்கு சப்ளையர் நம்பர் இருந்தது. இந்தக் கரையில் அவருக்கு முன்னால் ஆணோ பெண்ணோ யாரும் அதை வாங்கியதில்லை. இப்போது அந்த நம்பர் இல்லை. கம்பெனியிடம் ஊரை விற்றுவிட்டு, அப்புறம் கம்பெனியும் துரத்திவிட்டதாகச் சிலர் பேசுகிறார்கள். நடந்தது அதுவல்ல.

அந்த மண்டலம் வேலி போட்ட ஒரு தனி நாடு மாதிரி. வெளியிலிருந்து உள்ளே போகும் சரக்கு, சுங்கக் கணக்கில் அப்போதே ஏற்றுமதி ஆன சரக்கு. அதனால் கேட்டிலேயே எல்லாம் சரிபார்க்கப்படும். பில்லில் எழுதிய எடையும் தராசில் வரும் எடையும் ஒன்றாக இருக்க வேண்டும். உள்ளே போனது வேறு காகிதம் இல்லாமல் வெளியே வராது. முதல் மாதம் ஒரு பெட்டியில் ஐஸ் உருகி அரைக் கிலோ குறைந்ததற்காக மொத்த லோடும் மூன்று மணி நேரம் வெயிலில் நின்றது. அன்றிலிருந்து அம்மணி கேட்டுக்கு அரை மைல் முன்னால் வண்டியை நிறுத்தி, தண்ணீரை வடித்துவிட்டு, ஒவ்வொரு பெட்டியையும் மறுபடி எடை போட்டு அனுப்பினார். விதிகளைக் குறை சொல்லாமல் கற்றுக்கொண்டவர் அவர்.

ஒவ்வொரு லோடுக்கும் ஒரு உறுதிச் சீட்டு உண்டு. இறால் எந்தப் படகில் வந்தது, படகின் பதிவு எண், உரிமையாளர் பெயர், பிடித்த இடம். கீழே சப்ளையர் கையெழுத்து. வெளிநாட்டில் வாங்குகிறவன் கேட்கிறான் என்றார்கள். கேட்கட்டும், நியாயமான கேள்விதான் என்று அம்மணிக்கும் பட்டது.

ஆனால் இங்கே தொழில் பாடு முறையில் நடக்கிறது. பாடு என்றால் ஏரியில் வலை கட்டும் இடம்; அந்த இடத்தில் வலை கட்ட ஒருவருக்கு வரும் முறைக்கும் அதே பெயர்தான். வடக்குப் பாட்டில் நூற்று முப்பத்தாறு பேருக்கு உரிமை. குழு குழுவாகப் பிரித்துச் சீட்டுக் குலுக்கி நாள் ஒதுக்குவார்கள். இன்று ஒன்பது படகு போனால் நாளை வேறு ஒன்பது போகும். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அவர் பெயரில் வேறொருவர் போவார், வந்ததைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். இதில் ஒளிவும் இல்லை, பொய்யும் இல்லை.

முதல் சீட்டில் அம்மணி ஒன்பது படகின் எண்களையும் எழுதிக் கொடுத்தார். கம்பெனியின் கம்ப்யூட்டர் அதை ஏற்கவில்லை. ஒரு லாட்டுக்கு, அதாவது ஒரே சீட்டில் போகும் சரக்குக்கு, ஒரு படகு. ஒன்பது லாட்டாகப் பிரித்துத் தருவதாகச் சொன்னார். ஒன்பது சோதனை, ஒன்பது கேட் பதிவு என்றால் இறால் நாறிவிடும் என்று கொள்முதல் பிரிவு இளவழகன் சொன்னார். பொன்னேரிப் பக்கத்துக்காரர், மரியாதையாகப் பேசுகிறவர். பேப்பர் சுத்தமாக இருக்கிற ஒரு படகு நம்பரைக் கொடுத்தால் தினமும் அதையே போட்டுக்கொள்ளலாம், எல்லா சப்ளையரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றும் சொன்னார்.

அம்மணி தன் கொழுந்தன் தேவதாஸின் படகு நம்பரைக் கொடுத்தார். அதில் தவறு இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை. ஒருவர் பெயரில் இன்னொருவர் போய்வருவதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவர் அவர். காகிதத்தில் எழுதும் பெயரும் அப்படித்தான் என்று நினைத்தார். இருபது மாதம், நானூற்றுப் பன்னிரண்டு சீட்டு. எல்லாவற்றிலும் அவர் கையெழுத்து.

இதற்கிடையில் தணிக்கைக்காரர்கள் இரண்டு தடவை வந்தார்கள். ஐஸின் குளிரை அளந்தார்கள். தரம் பிரிக்கும் பெண்களின் நகத்தைப் பார்த்தார்கள். சீட்டில் நீல மையா கறுப்பு மையா என்று பார்த்தார்கள். இந்த ஏரியில் ஒரு படகுக்கு ஒரு நாளில் அறுபது கிலோ கிடைத்தால் அது பெரிய நாள். சீட்டில் ஒரே படகு தினமும் நானூறு கிலோ கொண்டுவந்தது. அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன ஆண்டு மண்டலத்தை விரிவாக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. கழிவுநீர்க் குழாயும் ஒரு சாலையும் வடக்குப் பாட்டின் மேலே வருகின்றன. பாதிக்கப்படுகிற, இழப்பீடு பெறப்போகிற மீனவர்களின் பட்டியலைப் பஞ்சாயத்து ஆபீசில் ஒட்டினார்கள். வடக்குப் பாட்டுக்கு நேரே ஒரு படகு, ஒரு பெயர்: தேவதாஸ். ஆதாரம் என்ற இடத்தில், மண்டல நிறுவனங்களின் கொள்முதல் ஆவணங்கள் என்று இருந்தது. ஆட்சேபம் சொல்ல இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

எந்த நாள் யார் பாட்டுக்குப் போனார்கள் என்று எழுதும் பாட்டு நோட்டை வைத்திருக்கும் ஆதிநாராயணன் அதை நின்ற இடத்திலேயே சத்தமாகப் படித்தார். நூற்று முப்பத்தைந்து குடும்பம் ஒரே வரியில் காணாமல் போயிருந்தது. அன்று பகலிலேயே ஊர் கூடி அம்மணியை அழைத்தார்கள். மீன் விற்கும் குப்பம்மா, "ஏரியையே பொட்டில போட்டு, மேல ஐஸ் கொட்டி அனுப்பிட்டா இவ" என்று சொன்னபோது சிரித்தவர்களும் இருந்தார்கள். அம்மணி தலையைக் குனியவில்லை. கையெழுத்து தன்னுடையதுதான், ஒரு வாரம் வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மண்டலத்துக்குப் போனார். சப்ளையராக நூறு தடவை வந்த கேட்டில் அன்று அவருக்குப் பாஸ் கிடைக்கவில்லை. இளவழகன் வெளியே வந்து பேசினார். ஒரு படகு என்றது கம்பெனி சொன்னபடி எழுதியது, உண்மையில் நூற்று முப்பத்தாறு பேர் என்று ஒரு கடிதம் வேண்டும் என்று அம்மணி கேட்டார். அப்படி எழுதினால் இதுவரை கப்பலில் போன சரக்கெல்லாம் கேள்விக்கு வரும், கம்பெனி தராது என்றார் இளவழகன்.

"அந்த நம்பரைப் போடச் சொன்னது நீங்கதானே சார்?"

"எழுத்துல சொன்னேனாக்கா? கையெழுத்து உங்களுது. பொய் உறுதி குடுத்ததா ஆச்சுன்னா கேஸ் உங்க மேலதான் வரும். பாத்துக்கங்க."

அம்மணி அவருக்கு நேரே வந்து நின்றார். "ஒரே போட்டுல டெய்லி நானூறு கிலோ வந்துகினு இருந்துச்சே தம்பி, அது எப்டினு ஒரு நாளாச்சும் கேட்டியா?"

இளவழகன் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தால் தேவதாஸ் காத்திருந்தார். பட்டியலை அப்படியே விட்டுவிடச் சொன்னார். "பேரு என்னுது, போட்டு என்னுது. கவர்மெண்டே எழுதிக்கீது. உனக்கு எங்க அண்ணி நோவுது? எனக்கு வந்தா உனக்கு இல்லன்னா சொல்லப்போறேன்?"

"ஓட்டை அடைக்கணும்னு உன் போட்டு ரெண்டு மாசம் கரையில கவுந்து கெடந்துச்சு. அந்த ரெண்டு மாசமும் உன் பேர்ல எறா போச்சு. எவன் கட்டுன வலைன்னு உனக்குத் தெரியாது? என் பொய்யில நீ வூடு கட்டாத."

தேவதாஸ் அதற்குப் பிறகு அவர் வீட்டுப் பக்கம் வரவில்லை.

அடுத்த ஐந்து நாளும் அம்மணியும் ஆதிநாராயணனும் உட்கார்ந்து எழுதினார்கள். இடது பக்கம் கேட் சீட்டு. தேதி, எடை, தேவதாஸ் பெயர். வலது பக்கம் பாட்டு நோட்டில் அதே தேதியில் போன படகுகளும் ஆட்களும். பழவேற்காட்டில் ஜெராக்ஸ் எடுத்தார்கள். மேலே வைத்த மனுவில் அம்மணி சுற்றி வளைக்கவில்லை. சீட்டில் நான் எழுதியது உண்மையல்ல. ஒரு படகு மட்டுமே எழுத முடியும் என்று கம்பெனி சொன்னதால் எழுதினேன். இந்த இறாலைப் பிடித்தவர்கள் இவர்கள். பிறகு நூற்று முப்பத்தாறு பெயர்.

மனு வாங்கும் ஆபீசில் எழுத்தர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். "இது உங்களையே மாட்டிவிடுற பேப்பர்ம்மா. வக்கீல்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டல. நீங்க படிச்சிட்டீங்க இல்ல, சீல் போடுங்க."

வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள், ரசீது தபாலில் வரும் என்றார்கள். பக்கங்களின் எண்ணிக்கையோடு ரசீது கையில் வரும்வரை அம்மணி நகரவில்லை. ஆட்சேபம் சொல்ல அப்போது மூன்று நாள் மிச்சம் இருந்தது.

மறுவாரம் அவர் வண்டியைக் கேட்டில் திருப்பி அனுப்பினார்கள். சப்ளையர் நம்பர் செத்துவிட்டது. பொய் உறுதி அளித்ததால் மண்டலத்தில் எந்த நிறுவனத்துக்கும் மூன்று ஆண்டு சரக்குத் தரக்கூடாது என்று மண்டல அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரு படகு மட்டும் எழுதச் சொன்னவர்களுக்கு எந்தக் கடிதமும் போகவில்லை. இளவழகன் அதே நாற்காலியில் இருக்கிறார். வடக்குப் பாட்டு இறால் இப்போது சுண்ணாம்புக்குளத்து வியாபாரி ஒருவர் வழியாக அதே கேட்டுக்குள் போகிறது. அவருடைய சீட்டிலும் ஒரு படகுதான். அம்மணி போய் அவரிடம் நடந்ததைச் சொன்னார். கம்ப்யூட்டர் ஏற்காததை நான் எப்படி எழுதுவேன் என்று அவர் கேட்டார்.

ஏழு வாரம் கழித்து இரண்டாவது பட்டியல் வந்தது. வடக்குப் பாட்டுக்கு நேரே நூற்று முப்பத்தொரு பெயர். ஊரில் பட்டாசு வெடித்தார்கள். அம்மணி விரல் வைத்து எண்ணிப் பார்த்தார். ஐந்து பெயர் இல்லை. அந்த இருபது மாதமும் நோயிலும் வெளியூர் வேலையிலும் இருந்தவர்கள். அவர்கள் முறைக்கு வேறு ஆட்கள் போயிருக்கிறார்கள். வலை கட்டப் போகாதவன் மீனவன் இல்லை என்று யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்தபடி முடிவு செய்திருக்கிறார்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் அம்மணி வரிசையில் நின்றார். நூற்று முப்பத்தொன்று வந்துவிட்டதே, மிச்சம் ஐந்து பேர்தானே, இதற்காகவா வந்தீர்கள் என்று அதிகாரி கேட்டார்.

"அஞ்சு பேர்தான் சார். நான் சொல்றேன், எழுதிக்கங்க."