அப்பாவுக்கு வைத்த தட்டு

பூசணிக்காயின் வயிற்றைக் கரண்டியால் வழிக்கும்போது எழும் பச்சை வாடை, ஸ்காபரோவில் நான் நாலாம் வகுப்புப் படித்த அந்த ஒக்ரோபர் மாதத்தை இன்றும் மூக்குக்குள் கொண்டுவந்துவிடும். ஹலோவீன் விளக்குச் செய்ய வகுப்பில் வழித்த சதையை ரீச்சர் குப்பையில் கொட்டப்போனதைப் பொறுக்காமல், 'அம்மா கறி வைப்பா' என்று பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்த பிள்ளை அந்த வகுப்பிலேயே நான் ஒன்றுதான்.

அயர்லாந்து வழிவந்த அந்த ரீச்சர்தான் ஹலோவீனின் பழங்கதையைச் சொன்னார். கிறிஸ்தவம் வருவதற்கு முன்னரே அங்கே, அறுவடை முடிந்து குளிர் தொடங்கும் அந்த மாலையில் இறந்தவர்கள் வீடு தேடி வருவார்கள் என்று நம்பி, குன்றுகளில் தீ மூட்டி, வாசலில் சாப்பாடு வைப்பார்களாம். கெட்ட ஆவிகள் தங்களை அடையாளம் காணாதிருக்க முகமூடி போடுவார்களாம். மற்றப் பிள்ளைகள் முகமூடியைப் பிடித்துக்கொண்டார்கள், நான் சாப்பாட்டைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்கு மூன்று வருடம் முன்பு, யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் கடைக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. யார் பிடித்தார்கள், என்ன செய்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. 'ஆள் இனி இல்லையெண்டு நினை' என்று சொந்தக்காரர்கள் தொலைபேசியில் சொல்லிப் பார்த்தார்கள். அம்மா பொட்டை அழிக்கவில்லை. நானோ பெரியவர்கள் சொன்னதை நம்பினேன். பாவம், அப்பா பசியோடு வருவார் என்றும் நம்பினேன்.

ஹலோவீன் அன்று, அம்மா வேலையிலிருந்து வருவதற்கு முன்னர், சோறும் முதல்நாள் அவர் வைத்த பூசணிக்கறியும் ஒரு தட்டில் போட்டு, எங்கள் அப்பார்ட்மென்ற் கதவுக்கு வெளியே வைத்தேன்.

அம்மா வந்து குனிந்து பார்த்தார். "உது ஆருக்கு?"

"அப்பாவுக்கு. செத்த ஆக்கள் இண்டைக்கு வருவினமாம்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. தட்டை உள்ளே கொண்டுவந்து, குளிர்க்கோட்டைக்கூடக் கழற்றாமல் மேசைமுன் இருந்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தானே சாப்பிட்டார்.

"உயிரோடை இருக்கிற மனுசனுக்கு ஆரும் படைப்பினமே?" என்று மட்டும் சொன்னார். பிறகு இனிப்புக் கேட்டுப் பிள்ளைகள் கதவைத் தட்டியபோதெல்லாம், முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய்த் திறந்தார். அவர் மனத்தை அதைவிட நோகடித்த ஒன்றை நான் வாழ்நாளில் செய்ததில்லை.

இப்போது ஸ்காபரோவின் கிழக்கோரத்தில், ரூஜில் இருக்கிறேன். எங்கள் தெருவில் கதவு தட்டும் பிள்ளைகளும் குறைந்துபோனார்கள். இனிப்பை மோல் கடைகளிலேயே கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அம்மா போன வருடம், நெற்றியில் பொட்டோடு போனார். ஆண்டுத் திவசத்தில், யார் யாருக்குப் பிண்டம் வைப்பதென்று அறிய, தர்ப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஐயர் கேட்டார்:

"அப்பா இருக்கிறாரோ?"

அம்மாவும் போனபின், அதற்குப் பதில் சொல்ல உலகத்தில் நான் மட்டும்தான் மிச்சம்.

"ஓம் ஐயா, இருக்கிறார்" என்றேன்.